தூரத்தில் ஒரு தடவை, பக்கத்தில் ஒரு தடவை

இருட்டுக்குள் ஒரு சிம்னி விளக்கு வரும். அதைப் பிடித்திருக்கும் கை தெரியாது. வெளிச்சம் மட்டும் தரையோடு தரையாக அசைந்து வரும். வாசலை அடுத்த நீள அறையை நாங்கள் தார்சா என்போம். அதில் வரிசையாக விரித்த பாய்களில் கிடக்கும் எங்கள் கால்கள் ஒவ்வொன்றாக அந்த வெளிச்சத்தில் தெரிந்து, மறுபடி இருட்டுக்குள் போகும். விளக்கு நின்றால் அம்மா நிற்கிறாள் என்று அர்த்தம். நின்ற இடத்தில் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். என் பெயர் பூரணம். அந்தப் பெயரை மட்டும் அம்மா தினமும் இரண்டு தடவை கூப்பிட்டாள். முதல் தடவை தூரத்தில், பெரியண்ணனின் கால்மாட்டுப் பக்கம் நின்றுகொண்டு. இரண்டாம் தடவை என் பக்கத்தில் வந்து, என் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு.

இப்போது பாளையங்கோட்டையில் மகன் வீட்டில் இருக்கிறேன். இங்கே யாரும் யாரையும் எழுப்புவதில்லை. அவரவர் தலைமாட்டில் அவரவர் செல்போன் பாடுகிறது. கையை நீட்டி அதை அடக்கிவிட்டுத் திரும்பிப் படுக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து அது மறுபடியும் பாடுகிறது. அந்த இரண்டாவது பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சீவலப்பேரி வீட்டுத் தார்சா ஞாபகம் வந்துவிடுகிறது. அம்மாவை நினைக்க எனக்கு வேறு நேரமே கிடையாது. பகலில் அவளை நாங்கள் அதிகம் பார்த்ததில்லை. அம்மா என்றால் எங்களுக்கு விடியற்காலைதான்.

அம்மா ஒன்பது பெற்றவள். அப்பா அடுத்தவர் வயலை வாரத்துக்கு எடுத்து, விளைச்சலில் பங்கு கொடுத்துப் பயிர் பார்த்தார். அது எங்கள் வாய்களுக்குப் போதாது என்பதால் அம்மா நடுகைக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போனாள். எங்கள் பக்கம் கார், பிசானம் என்று இரண்டு போகம். இரண்டுக்கும் நடுகை நேரத்தில் பெண்கள் கூட்டமாகச் சேர்ந்து விடியும்போதே கிளம்புவார்கள். தெருவில் நின்று ஒருத்தி குரல் கொடுப்பாள். அந்தக் குரல் வருவதற்குள் அம்மா முடிக்க வேண்டியது ஒரு கல்யாண வீட்டு வேலை. எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. எதைக் கொண்டு அவள் எழுந்திருந்தாள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. வாசல் தெளித்து, அடுப்புச் சாம்பலை அள்ளி, ஓலையைக் கொளுத்தி அடுப்பு மூட்டி, சருவப் பானை நிறையக் கருப்பட்டிக் காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, ஆற்றுக்குப் போய் ஒரு முங்கு முங்கி, குடத்தோடு திரும்பி வந்த பிறகுதான் எங்களை எழுப்ப விளக்கை எடுப்பாள். ஈரப் புடவையோடு வருவாள். முந்தானையிலிருந்து சொட்டும் ஆற்றுத் தண்ணீர் எங்கள் கால்களில் விழும். அவள் கூப்பிடும் முன்னே அந்தச் சொட்டு எங்களைக் கூப்பிட்டுவிடும்.

எழுப்புவதில் அம்மாவுக்கு ஒரு முறை இருந்தது. பிறந்த வரிசைப்படிதான் நாங்கள் படுக்க வேண்டும், அந்த வரிசைப்படிதான் அவள் கூப்பிடுவாள். முதலில் பெரியக்கா, அடுத்தது பெரியண்ணன், பிறகு சின்னக்கா, அவளுக்குக் கீழே இரண்டு அண்ணன்மார், அப்புறம் நான், எனக்குப் பின்னால் தங்கச்சியும் தம்பியும். கூப்பிட்டால் போர்வையை விலக்கி உட்கார்ந்து, "எந்திச்சிட்டேம்மா" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முனகினால் செல்லாது. சொல்லும்வரை விளக்கு அந்த இடத்தைவிட்டு நகராது. தெருவில் மற்ற அம்மாக்கள் எல்லாம் அடுப்படியில் இருந்தபடியே கத்தி எழுப்புவார்கள், இல்லையென்றால் தண்ணீரை எடுத்து முகத்தில் அடிப்பார்கள். எங்கள் அம்மா கத்தியதில்லை. நின்று காத்திருப்பாள். வாசலில் கயிற்றுக் கட்டிலில் கிடக்கும் அப்பா, "ஆஜர் எடுக்க ஆரம்பிச்சிட்டா" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுப்பார்.

பெரியண்ணன் "எந்திச்சிட்டேம்மா" என்று சொன்ன பிறகும் விளக்கு அங்கேயே நிற்கும். அவனுக்கும் சின்னக்காவுக்கும் நடுவில், யாரும் படுத்திராத இடத்தில், அம்மா "பூரணம்" என்பாள். நான் வரிசையின் அந்தக் கோடியில் கிடந்து, "எந்திச்சிட்டேம்மா" என்று கத்துவேன். அதன்பிறகுதான் சின்னக்காவிடம் போவாள். ஒவ்வொருவராக எழுப்பிவிட்டு என்னிடம் வரும்போது, நான் எழுந்து உட்கார்ந்திருந்தாலும் சரி, மறுபடி சாய்ந்து தூங்கியிருந்தாலும் சரி, குனிந்து என் பெருவிரலைப் பிடித்து லேசாகத் திருகி, மறுபடி "பூரணம்" என்பாள். "அதான் எந்திச்சிட்டேம்லா" என்று நான் சிணுங்குவேன். இதற்காக வீட்டில் எனக்கு நல்ல கேலி. எனக்கு நேர் மூத்தவன் சின்னண்ணன். அவன்தான், "அவளுக்கு ரெண்டு ஆள் தூக்கம்லா. அதான் அம்ம ரெண்டு வாட்டி எழுப்புதா" என்பான். நான் வெளியில் அழுதாலும் உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். இத்தனை பிள்ளைகளில் அம்மா என்னை மட்டும்தான் இரண்டு தடவை கூப்பிடுகிறாள். அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே காரணம், என்மேல் பிரியம் கூடுதல் என்பது.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிதில் இதனால் ஒரு கூத்து நடந்தது. வாத்தியார் ஒவ்வொரு பெயராக வாசித்தார். பிள்ளைகள் "உள்ளேன் ஐயா" என்றார்கள். என் பெயரை வாசித்தபோது நான் பேசாமல் இருந்தேன். வீட்டில் தூரத்தில் கூப்பிட்டதற்கு என்ன சொன்னாலும் அம்மா மறுபடி பக்கத்தில் வந்து கூப்பிடுவாள், அதுபோல இவரும் வருவார், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். இப்படியே சில நாள் போனது. பிறகு பக்கத்தில் இருந்த பிள்ளைதான், "சார், இவ தெனமும் இங்கனதான் இருக்கா" என்று காட்டிக்கொடுத்தாள். "என்ன தாயி, வாயில கொழுக்கட்டையா?" என்று வாத்தியார் கேட்டார். "இன்னொரு வாட்டி கூப்புடுவியன்னு இருந்தேன் சார்" என்றேன். வகுப்பே சிரித்தது, வாத்தியாரும் சிரித்தார். மறுநாள் காலையில் இதை அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. என் தலையை இழுத்து மடியில் வைத்துத் தேங்காய் எண்ணெய் தேய்த்தாள். எண்ணெய் நெற்றி வழியாகக் கண்ணுக்குள் இறங்கும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

எழுந்த பிறகு எல்லாம் ஓட்டம்தான். அண்ணன்மார் உமிக்கரியை மென்றபடி மாட்டைப் பிடித்துக்கொண்டு ஆற்றுக்குப் போவார்கள். பெண்பிள்ளைகள் நாங்கள் ஒருத்திக்கு முன்னால் ஒருத்தியாக ரயில் மாதிரி உட்காருவோம். பெரியக்கா சின்னக்காவுக்குச் சடை போட, சின்னக்கா எனக்குப் போட, நான் தங்கச்சிக்குப் போட வேண்டும். சீப்பு ஒன்றே ஒன்றுதான். அது கைமாறிக் கைமாறி வருவதற்குள் சண்டை வந்துவிடும். அம்மா அடுப்படிக்கும் வாசலுக்கும் நடக்கிற நடையிலேயே, சரியாக வராத சடையை அவிழ்த்து ஒரே இழுப்பில் முடிந்துவிட்டுப் போவாள். அந்த இழுப்பில் கண்ணில் தண்ணீர் வரும். பழைய சோற்றைப் பிழிந்து உருட்டி ஒவ்வொரு கையாக வைப்பாள், மேலே சுண்டின குழம்பு. அவளுக்குச் சட்டியில் மிஞ்சிய நீத்தண்ணி. அதையும் தெருவில் குரல் கேட்ட பிறகு, நின்றபடியே குடிப்பாள்.

வாசலைத் தாண்டும் முன் அம்மா செய்கிற கடைசி வேலை தார்சாவைத் திரும்பிப் பார்ப்பது. பாய் எல்லாம் சுருட்டிச் சுவரோரம் சாத்தியிருக்க வேண்டும். ஒரு பாய் விரித்துக் கிடந்தாலும் போக மாட்டாள். ஒரு தடவை தம்பி நனைத்துவிட்ட பாயைக் காயட்டும் என்று பெரியக்கா விரித்தே போட்டிருந்தாள். தெருவில் பெண்கள், "ஏ மைனி, வாரியளா, நாங்க போவட்டா?" என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றார்கள். அம்மா பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து, அந்த ஈரப் பாயைச் சுருட்டிச் சாத்திவிட்டுத்தான் போனாள். எங்கள் அம்மாவுக்குப் பாய் கிடந்தால் ஆகாது என்று நினைத்துக்கொண்டோம். ஒவ்வொரு வீட்டில் ஒவ்வொன்று ஆகாது, அதுபோல இது.

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அந்தச் சமயத்தில் முக்கூடலில் இருந்த அத்தைக்குப் பிள்ளை பிறந்தது. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னை அனுப்பினார்கள். அங்கே அத்தை ஒரு தடவைதான் கூப்பிடுவாள். எழுந்திருக்காவிட்டால் போர்வையை உருவிவிடுவாள். நான் ஒரு சுற்று மெலிந்துபோனது மாதிரி எனக்கே இருந்தது. சில வாரம் கழித்து அப்பா வந்து என்னை அழைத்துக்கொண்டு போனார். பஸ் மாறி வீடு வந்து சேரும்போது தங்கச்சியும் தம்பியும் தூங்கிவிட்டார்கள். அவர்கள் பக்கத்தில் என் இடத்தில் போய்ப் படுத்தேன். காலையில் அம்மா பக்கத்தில் வந்து கூப்பிடுவாள் என்ற நினைப்போடு தூங்கினேன்.

விளக்கு வந்தது. பெரியக்கா எழுந்தாள். பெரியண்ணன் எழுந்தான். விளக்கு வழக்கமான இடத்தில் நின்றது. அம்மா "பூரணம்" என்றாள். "எந்திச்சிட்டேம்மா" என்றேன். அதே நேரம், மறு கோடியிலிருந்து இன்னொரு குரல், "எந்திச்சிட்டேம்மா" என்றது.

பெரியக்காதான். நான் இல்லாத நாட்களில் என் பெயருக்கு அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தப் பழக்கத்தில், நான் வந்துவிட்டதை மறந்து, தூக்கக் கலக்கத்தோடு சொல்லிவிட்டாள். இருட்டில் தார்சாவின் இரண்டு கோடியிலிருந்தும் இரண்டு குரல் ஒரே பதிலைச் சொன்னது. சின்னண்ணன்கூடச் சிரிக்கவில்லை. விளக்கு அசையவில்லை. முந்தானையிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. பிறகு அம்மா, எங்கள் யாரிடமும் பேசாத ஒரு குரலில், மெதுவாகக் கேட்டாள்.

"ரெண்டு பேரும் எந்திச்சாச்சா?"

அம்மா விளக்கைத் தரையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். எழுப்புகிற நேரத்தில் அம்மா உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சின்னக்காவை எழுப்பவில்லை, அண்ணன்மாரை எழுப்பவில்லை. தெருவில் குரல் வந்தது, மறுபடி வந்தது, பிறகு தள்ளிப் போய்விட்டது. சருவத்துத் தண்ணீர் வற்றி, கருப்பட்டி கருகிய வாடை அடுப்படியிலிருந்து வந்த பிறகுதான் எழுந்து போனாள்.

அன்றைக்கு ஆற்றில் துணி துவைக்கும்போது பெரியக்காவிடம் கேட்டேன். "எக்கா, எம்பேருக்கு நீ எதுக்குச் சொன்ன?"

"நீ வந்தது மறந்துபோச்சுட்டி."

"நான்தான் முக்கூடல்ல இருந்தம்லா. இல்லாதவளை எதுக்கு அம்ம கூப்புடணும்?"

அக்கா பிழிந்துகொண்டிருந்த துணியை மறுபடி தண்ணீரில் நனைத்தாள். பிழிந்தாள். மறுபடி நனைத்தாள். "அது ஒன்னக் கூப்புடுதது இல்லட்டி," என்றாள். "மொதல்ல கூப்புடுதது ஒன்ன இல்ல."

பெரியண்ணனுக்கு அடுத்து ஒரு பெண்பிள்ளை இருந்தாள். அவள் பெயர் பூரணம். ஆறு வயதில், ஒரு பிசான நடுகை நேரத்தில், மழை விடாமல் பெய்த நாட்களில், காய்ச்சலாகக் கிடந்தாள். அன்று காலையிலும் அம்மா வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். அப்போதெல்லாம் அவள் நின்று காத்திருக்கிறவள் இல்லை. மற்ற அம்மாக்களைப் போலத்தான், கூப்பிட்டுக்கொண்டே நடப்பாள். பூரணம் பதில் சொல்லவில்லை. பெரியக்கா, "காச்சல்லாம்மா, அசந்து தூங்குதா" என்றாள். தெருவில் அதற்குள் குரல் வந்துவிட்டது. "கெடக்கட்டும். நல்லாத் தூங்கி எந்திச்சாச் சரியாப் போவும். வெயில் வந்தப்பெறவு காப்பி குடு" என்று சொல்லிவிட்டு அம்மா போய்விட்டாள். மற்ற பாய்களை எல்லாம் சுருட்டிவிட்டார்கள். அந்த ஒரு பாய் மட்டும் விரித்துக் கிடந்தது.

வெயில் வந்த பிறகு அக்கா காப்பியோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பிறகு காப்பியை வைத்துவிட்டு வயலுக்கு ஓடியிருக்கிறாள். "வரப்புல நின்னு, 'எம்மா, பூரணம் எந்திக்க மாட்டேங்கா'ன்னேன். அம்மைக்கு வேல மும்முரம். குனிஞ்சமானிக்கே, 'எந்திக்காட்டாக் கெடக்கட்டும், நீ போட்டி'ன்னு ஏசுனா. நான் போவல. அங்கனயே நின்னேன். பெறவுதான் நிமுந்து எம்மொகத்தப் பாத்தா. கையில நாத்து அப்படியே இருக்கு."

அதற்குப் பிறகு அம்மா வேலைக்குப் போக ஆரம்பித்த முதல் நாள், எல்லோரையும் எழுப்ப விளக்கை எடுத்தாள். பெரியண்ணனைத் தாண்டியதும் நின்று, "பூரணம்" என்று கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டு நின்றாள். தெருவில் குரல் வந்தும் நின்றாள். "அப்பா போயிக் கையப் புடிச்சி இழுத்தாவ. நவுரல. எனக்குப் பயமா இருந்துச்சு. போர்வைக்குள்ள இருந்துக்கிட்டு 'எந்திச்சிட்டேம்மா'ன்னேன். ஒடனே வெளக்கு நவுந்துட்டு. பெறவு தெனமும் சொன்னேன். அப்ப நீ அம்ம வயித்துல இருந்த. நீ பொறந்ததும் இந்தப் பேருதான் வைக்கணும்னு அம்ம சொல்லிட்டா. நீ பேசப் பழகுத வரைக்கும் நாஞ் சொன்னேன். பெறவு நீயாவே சொல்ல ஆரம்பிச்ச. நான் தப்பிச்சேன்."

இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை என்பதை எழுதத்தான் வேண்டும். பொறாமைதான் வந்தது. என் பெயர் என்னுடையது இல்லை, என் பதிலும் என்னுடையது இல்லை. தூரத்தில் நின்று கூப்பிட்டது அவளை என்றால், பக்கத்தில் வந்து கூப்பிடுவதாவது என்னைத்தானா? இல்லை, அங்கே தேடிக் கிடைக்காதவளை இங்கே வந்து தேடுகிறாளா? அதை யாரிடம் போய்க் கேட்க? அம்மாவிடம் கேட்கிற துணிச்சல் எனக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை.

மறுநாள் விளக்கு அந்த இடத்தில் நின்றபோது நான் விழித்துத்தான் கிடந்தேன். "பூரணம்" என்றாள். பெரியக்கா இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. எனக்காகக் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். நான் கொஞ்சம் சின்னக் குரலில், ஆறு வயதுப் பிள்ளை சொல்வது மாதிரி, "எந்திச்சிட்டேம்மா" என்றேன். பிறகு அம்மா என் பக்கத்தில் வந்து விரலைப் பிடித்தபோது என் சொந்தக் குரலில் இன்னொரு தடவை சொன்னேன். அன்றிலிருந்து "அதான் எந்திச்சிட்டேம்லா" என்ற சிணுங்கலை விட்டுவிட்டேன். அம்மா அதைக் கவனித்தாளா என்று தெரியாது. கல்யாணம் ஆகிப் போகும்வரை, விடியுமுன் இரண்டு பிள்ளைகளாக எழுந்துகொண்டிருந்தேன்.

வரிசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பெரியக்கா கட்டிக்கொடுத்துப் போனாள், அவள் பெயரை அம்மா விட்டுவிட்டாள். பெரியண்ணன் மலையில் எஸ்டேட் வேலைக்குப் போனான், அவன் பெயரும் நின்றது. பூரணம் மட்டும் அதே இடத்தில் இருந்தாள். நான் பாளையங்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மறுநாள் காலையில், வழக்கமான நேரத்துக்கு விழிப்பு வந்தது. ஒரு சத்தமும் இல்லை. புருஷன் வீட்டில் முதல் காலையில் நான் கவலைப்பட்டது, அங்கே இந்நேரம் அந்தப் பெயருக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்பதைப் பற்றி. அந்த ஆடிக்குத் தாய்வீடு போனேன். அடுப்படியில் படுத்திருந்தேன். காலையில் தார்சாவில் அம்மா "பூரணம்" என்றதும், மீசை முளைத்த கட்டைக் குரலில் தம்பி, "எந்திச்சாச்சு" என்றான். காப்பி குடிக்கும்போது, "என்னலே, எம்பேருக்கு நீ ஆஜர் சொல்லுத?" என்று கேட்டேன். "சொல்லலைன்னா அங்கனயே நின்னுக்கிட்டிருக்கும்லா. பெறவு காப்பி எப்ப வர?" என்றான். அவனுக்கு விவரம் ஒன்றும் தெரியாது. யாரும் சொல்லவுமில்லை. ஆனாலும் சொல்லியிருக்கிறான். நான் சிரித்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் புறவாசலுக்குப் போக வேண்டியதாயிற்று.

எனக்கும் பிள்ளைகள் பிறந்தன. அம்மா அளவுக்கு இல்லை, ஐந்து. அவர்களை நான் ஒருநாளும் பெயர் சொல்லி எழுப்பியதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து காலைத் தொடுவேன். அந்தக் கால் இழுத்துக்கொள்ளும்வரை கையை எடுக்க மாட்டேன். "வாயத் தொறந்து கூப்புட்டா முத்தா உதுந்திரும்?" என்று என் மாமியார் ஏசுவாள். கூப்பிட்டுப் பதில் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று அவளிடம் எப்படிச் சொல்ல? அம்மா தினமும் ஒன்பது தடவை செய்த காரியத்துக்கு எனக்கு நெஞ்சில் தெம்பில்லை.

அம்மாவின் கடைசி நாட்களில் நான்தான் போய்க் கூட இருந்தேன். சீவலப்பேரியில் அதே இடத்தில் தம்பி சிமெண்ட் வீடு கட்டியிருந்தான். பெரியக்கா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, ஆட்களை அடையாளம் தெரியாது, எழுந்து நடமாட்டம் இல்லை. ஆனால் விடியும் முன் விழிப்பு மட்டும் வந்தது. கட்டிலில் கிடந்தபடியே கூப்பிட ஆரம்பிப்பாள். விட்டுப்போன பெயர்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. பெரியக்கா, பெரியண்ணன், பூரணம், சின்னக்கா என்று பழைய வரிசை. கீழே பாயில் கிடந்து ஒவ்வொன்றுக்கும் நானே "எந்திச்சிட்டேம்மா" என்றேன். செத்துப்போன அக்காவுக்கும் சொன்னேன், எங்கேயோ வேலையில் இருந்த அண்ணன்மாருக்கும் சொன்னேன். இரண்டு மூன்று நாள் கழிந்த பிறகுதான் கவனித்தேன். சின்னண்ணனுக்கு அடுத்து அம்மா தங்கச்சியைக் கூப்பிடுகிறாள். நடுவில் நான் இல்லை.

புத்தி கலங்கியவள், விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. மூத்த பூரணத்தை மறக்கவில்லை, என்னை மறந்துவிட்டாள். பேரன் பேத்தி எடுத்த நான், ஒருநாள் சின்னப்பிள்ளை மாதிரி கட்டிலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "எம்மா, என்னக் கூப்புடாம விட்டுட்டியே."

அம்மா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். "நீங்க யாரு தாயி?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

"நான் பூரணம்மா."

"அவ எந்திச்சிட்டாளே," என்றாள். "இப்பத்தான சொன்னா."

அவள் கேட்டுக்கொண்டிருந்த குரல் என்னுடையதுதான் என்று சொல்லி என்ன ஆகப்போகிறது? அவள் நிம்மதியாக இருக்கிறாள். நாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தவளுக்கு, அந்தப் பிள்ளை எழுந்துவிட்டது. அதற்காகத்தானே என்னைப் பெற்றுப் பெயர் வைத்தாள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ளலாம், ஆனால் மனசு கேட்க வேண்டுமே. புறவாசலில் பாத்திரம் விளக்குகிற சாக்கில் போய் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் விளக்கிய பாத்திரத்தையே விளக்கிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒருநாள் புழுக்கம் தாங்காமல், காற்று வரட்டும் என்று தலையை வாசல் பக்கம் வைத்துப் படுத்தேன். கால் அம்மாவின் கட்டில் பக்கம் இருந்தது. விடியும் முன் அம்மா விழித்து வரிசையைக் கூப்பிட்டாள். குரல் மூச்சளவுதான் இருந்தது. நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். சின்னண்ணனுக்குச் சொன்னேன். அடுத்து தங்கச்சியின் பெயர் வரும் என்று இருந்தேன். வரவில்லை. கட்டிலிலிருந்து கை ஒன்று கீழே இறங்கியது. தரையைத் தடவியது. பாயின் ஓரத்தைத் தடவியது. என் பாதத்தைத் தொட்டு, மேலே ஊர்ந்து, பெருவிரலைப் பிடித்து லேசாகத் திருகியது.

பெயரைச் சொல்லவில்லை. பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் விட்டுவிடுவாள். அம்மாவின் வழக்கம் எனக்குத் தெரியும், பதில் வந்ததும் அடுத்த பிள்ளையிடம் போய்விடுவாள். பதில் வராத பிள்ளையை விட்டு நகரவே மாட்டாள். அதனால் வாயை மூடிக்கொண்டு, தூங்குகிறவள் மாதிரிக் கிடந்தேன். வெளியே காகம் கத்தியது. அடுப்படியில் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஜன்னலில் வெளிச்சம் வந்தது. அந்தக் கை என் விரலைப் பிடித்தபடியே இருந்தது. அதன் பிடி தளர்ந்த பிறகும் நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை. தம்பி மனைவி காப்பியோடு வந்து, "என்ன மைனி, இன்னும் படுத்திருக்கிய?" என்று கேட்டாள். அதன்பிறகுதான் எழுந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

அம்மா போய் வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. அம்மா, அத்தை, ஆச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். கட்டில் வாங்கித் தந்தும் நான் பாயில்தான் படுக்கிறேன். விடியும் முன் விழிப்பு வந்துவிடும். மகன் அறையில் செல்போன் முதல் தடவை பாடும். நான் இருட்டைப் பார்த்து, கொஞ்சம் சின்னக் குரலில், "எந்திச்சிட்டேம்மா" என்று சொல்வேன். அது அந்த ஆறு வயதுப் பூரணத்துக்கு. அடுப்படியில் இருந்து மருமகள், "கூப்ட்டீங்களா அத்த?" என்பாள். "இல்லம்மா" என்பேன். இரண்டாவது பதிலை மட்டும் நான் சொல்வதில்லை. போர்வைக்கு வெளியே காலை நீட்டிக்கொண்டு பேசாமல் கிடப்பேன்.

சில நாள் மருமகள் அந்தப் பக்கமாக வருவாள். நல்ல பிள்ளை. "என்ன அத்த, காலு குளிராதா?" என்று குனிந்து போர்வையை இழுத்துப் பாதத்தை மூடிவிட்டுப் போவாள். அவள் போனதும் நான் மறுபடி வெளியே எடுத்து வைத்துக்கொள்வேன்.